பைத்தான் சோர்ஸ் பில்டு எங்கே உடைகிறது: அறிகுறி வாரியாக ஒரு வழிகாட்டி

பெங்களூரில் ஐடி வேலை பார்க்கும் நம்மவர்கள் குழுக்களில் அடிக்கடி வந்து விழும் கேள்வி இது: "அண்ணா, மேக் எரர் 2-ன்னு நின்னுடுச்சு, என்ன பண்றது?" கூடவே டெர்மினலின் கடைசி நாலு வரியை ஃபோனில் எடுத்த படம். சோர்ஸ் பில்டு என்றால் மூலக் குறியீட்டை நாமே கம்பைல் செய்து நிறுவுவது. கான்ஃபிகர் என்ற ஸ்கிரிப்ட் முதலில் மெஷினைச் சோதிக்கும், பிறகு மேக் என்ற நிரல் (ஆப்பிள் மேக் அல்ல) கம்பைல் வேலைகளை ஓட்டும். அந்த நாலு வரியில் ஒன்றும் இருக்காது. "எரர் 2" என்றால் மேக் கையை விரித்துவிட்டது என்று மட்டும்தான் அர்த்தம். ஏன் விரித்தது என்பது திரையில் எப்போதோ மேலே ஓடிப்போயிருக்கும்.

பைத்தானை வைத்தே எழுதுகிறேன், அதிகம் கேட்கப்படுவது அதுதான். ரூபி, கோ பற்றிக் கடைசியில் கொஞ்சம் இருக்கிறது. கட்டளைகளை உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன், டெர்மினலில் வழக்கம்போல ஆங்கிலத்தில் அடியுங்கள். உபுண்டு லேப்டாப், ஆபீஸில் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் சென்ட்ஓஎஸ் 7 சர்வர், மேக்புக் மூன்றுக்கும் பொருந்தும்படி சொல்ல முயல்கிறேன்.

## எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இது

மேக்கின் வெளியீடு முழுவதையும், பிழை வரிகளையும் சேர்த்து, "டீ" கட்டளை வழியாக ஒரு லாக் கோப்பில் சேமியுங்கள். பிறகு அந்தக் கோப்பில் "எரர்:" என்ற சொல் முதன்முதலில் எங்கே வருகிறது என்று கிரெப் போட்டுப் பாருங்கள். கடைசியாக வருவது வேண்டாம், முதலாவதுதான் வேண்டும். "மைனஸ் ஜே" கொடுத்துப் பல வேலைகளை ஒரே நேரத்தில் ஓட்டியிருந்தால் வரிகள் கலந்து வரும், அதனால் அது இல்லாமல் வெறும் மேக்கை இன்னொரு முறை ஓட்டினால் உடைந்த இடத்திலேயே சுத்தமாக நிற்கும்.

கான்ஃபிகர் கட்டத்தில் நின்றால் பார்க்க வேண்டியது "கான்ஃபிக்.லாக்". இதைத் திறந்ததும் பலர் பயந்துவிடுகிறார்கள், ஏனென்றால் உள்ளே நிறைய "எரர்" இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை "இந்த வசதி இருக்கிறதா" என்று சோதித்து இல்லை என்று தெரிந்துகொண்டவை, அவ்வளவுதான். கோப்பின் பின்பகுதியில் "கேஷ் வேரியபிள்ஸ்" என்று ஒரு தலைப்பு வரும். அதற்குச் சற்று மேலே உள்ள சில வரிகள்தான் உண்மையான காரணம்.

யாரிடம் கேட்பதாக இருந்தாலும் அந்த முதல் பிழைக்கு மேலும் கீழும் பத்துப் பதினைந்து வரி, கான்ஃபிகருக்குக் கொடுத்த முழு விருப்பங்கள், எந்த இயங்குதளம், எந்தப் பதிப்பு, இத்தனையையும் எழுத்தாக ஒட்டுங்கள், படமாக வேண்டாம்.

இன்னொன்று. ப்ரிஃபிக்ஸ், அதாவது எந்த ஃபோல்டரில் நிறுவ வேண்டும் என்பதை, கொடுக்காமல் பில்டு செய்யாதீர்கள். "ஓபிடி" ஃபோல்டருக்குள் "பைத்தான்-3.12" என்று தனி இடம் கொடுங்கள், ரூட் அனுமதி இல்லையென்றால் உங்கள் ஹோமுக்குள்ளேயே கொடுங்கள். பைத்தானின் மேக்ஃபைலில் "அன்இன்ஸ்டால்" கிடையாது. தனி ஃபோல்டர் என்றால் பிடிக்காதபோது அந்த ஃபோல்டரை அழித்தால் போதும். பொது இடத்தில் கொட்டிவிட்டால் பொறுக்கி எடுப்பது பெரும்பாடு.

## அறிகுறி: டார் கோப்பே பிரியவில்லை

"நாட் இன் ஜிசிப் ஃபார்மேட்" என்று வந்தால் "ஃபைல்" கட்டளையை அந்தக் கோப்பின் மேல் ஓட்டுங்கள். "ஹெச்டிஎம்எல் டாக்குமென்ட்" என்று பதில் வந்தால் நீங்கள் இறக்கியது சோர்ஸ் அல்ல, ஆபீஸ் ப்ராக்ஸி நீட்டிய "இந்தத் தளம் தடுக்கப்பட்டது" பக்கம். பைத்தான் 3.12-இன் எக்ஸ்இசட் கோப்பு சுமார் 20 எம்பி, உங்களிடம் இருப்பது சில கேபி என்றால் கேள்வியே வேண்டாம். "அன்எக்ஸ்பெக்டட் எண்ட் ஆஃப் ஃபைல்" என்றால் பாதியில் அறுந்த பதிவிறக்கம், கர்ல் கட்டளையில் தொடரும் விருப்பம் கொடுத்து மீதியை இழுக்கலாம். "எக்ஸ்இசட்: கேனாட் எக்ஸெக்" என்றால் கோப்பு நன்றாகத்தான் இருக்கிறது, "எக்ஸ்இசட்-யுடில்ஸ்" நிறுவினால் முடிந்தது.

ப்ராக்ஸிதான் காரணம் என்று உறுதியானால் நேராக ஐடி டீமிடம் டிக்கெட் போடுங்கள். ஃபோன் ஹாட்ஸ்பாட்டில் இறக்கி உள்ளே கொண்டுவருவது பல ஆபீஸ்களில் விதிமீறல், அதை உங்களுக்குச் சொல்லித்தர மாட்டேன்.

## அறிகுறி: கான்ஃபிகர் தொடங்கியதுமே நிற்கிறது

### "நோ அக்செப்டபிள் சி கம்பைலர்"

கம்பைலர் இல்லை. உபுண்டுவில் "பில்டு-எசென்ஷியல்", ரெட்ஹேட் வகையில் "டெவலப்மென்ட் டூல்ஸ்" குழு. மேக்புக்கில் "எக்ஸ்கோட்-செலக்ட்" கட்டளையை இன்ஸ்டால் விருப்பத்துடன் ஓட்டுங்கள். மேக்ஓஎஸ் பெரிய அப்டேட்டுக்குப் பிறகு "இன்வேலிட் ஆக்டிவ் டெவலப்பர் பாத்" என்று வந்தாலும் இதே மருந்துதான்.

சென்ட்ஓஎஸ் 7-இல் "மிரர்லிஸ்ட்" முகவரி கிடைக்கவில்லை என்று, பேக்கேஜ் நிறுவும் கருவியான யம் அழும். 2024 ஜூன் 30-உடன் அதன் ஆதரவு முடிந்துவிட்டது, மிரர்களும் போய்விட்டன. ரெப்போ கோப்புகளில் முகவரியை "வால்ட்" தளத்துக்கு மாற்றினால் பழைய பேக்கேஜ்கள் இன்னும் கிடைக்கும். ஆனால் அதில் புதிய பாதுகாப்புத் திருத்தம் எதுவும் வராது என்பதை அந்த சர்வரின் பொறுப்பாளருக்கு ஒரு மெயிலாகப் போட்டுவிட்டு வேலையைத் தொடருங்கள்.

### "பர்மிஷன் டினைடு"

கோப்புக்கு ஓடும் அனுமதி இருக்கிறதா பாருங்கள். இருந்தும் மறுத்தால் அந்த டிஸ்க் பகுதி "நோஎக்ஸெக்" என்று மவுண்ட் ஆகியிருக்கிறது. பாதுகாப்பு இறுக்கிய ஆபீஸ் சர்வர்களில் டெம்ப் ஃபோல்டருக்கு இதைச் செய்து வைத்திருப்பார்கள். சிலர் "எஸ்ஹெச் கான்ஃபிகர்" என்று ஓட்டித் தப்பிக்கப் பார்ப்பார்கள், அது இரண்டு அடி நகர்ந்து "கேனாட் ரன் சி கம்பைல்டு ப்ரோக்ராம்ஸ்" என்று மறுபடி விழும், ஏனென்றால் கம்பைல் செய்த சோதனை நிரலும் அதே இடத்தில்தானே ஓட வேண்டும். சோர்ஸை ஹோமுக்கு நகர்த்துங்கள். பைஎன்வ் பயன்படுத்தினால் "டிஎம்பிடிர்" மாறியை ஹோமுக்குள் ஒரு ஃபோல்டருக்குக் காட்டுங்கள், அது சத்தமில்லாமல் டெம்பில்தான் பில்டு செய்யும்.

ஆனால் முன்பு ஓடிக்கொண்டிருந்த பில்டு திடீரென்று "பர்மிஷன் டினைடு" சொன்னால் வேறு கதை: நடுவில் யாரோ "சுடோ மேக்" அடித்திருக்கிறார்கள். ஃபோல்டரில் பாதிக் கோப்புகள் ரூட்டின் பெயரில் கிடக்கும். சோர்ஸை அழித்துவிட்டுப் புதிதாகப் பிரியுங்கள், சுடோ தேவைப்படுவது கடைசி இன்ஸ்டாலுக்கு மட்டும்.

### "பேட் இன்டர்ப்ரெட்டர்", வரிக் கடைசியில் தொப்பியும் எம்மும்

விண்டோஸில் பிரித்த சோர்ஸ், அல்லது விண்டோஸ் கிட் வரி முடிவுகளை மாற்றிவிட்ட சோர்ஸ். லினக்ஸ் பக்கத்திலேயே மறுபடி பிரியுங்கள். விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல் ஆட்கள் சி டிரைவுக்குள் பில்டு செய்யவே வேண்டாம், மெதுவாகவும் இருக்கும், அனுமதிக் குழப்பமும் வரும். ஃபோல்டர் பெயரில் இடைவெளி இருந்தாலும் மேக் தடுமாறும், "நியூ ஃபோல்டர் 2" என்று வைத்திருப்பவர்கள் கவனிக்க.

### எதுவுமே புரியாத, சம்பந்தமில்லாத லைப்ரரிப் பிழை

பைத்தானையும் லைப்ரரிகளையும் தனியாக வைத்துக்கொள்ளும் கருவியான கோண்டாவின் சூழல் திறந்திருக்கிறதா? ப்ராம்ப்ட்டின் முன்னால் அடைப்புக்குள் "பேஸ்" என்று தெரிந்தால் அதுதான் பிரச்சினை. கோண்டாவின் கம்பைலரும் ஹெடர்களும் (கம்பைலர் படிக்கும் அறிவிப்புக் கோப்புகள்) சிஸ்டத்தினுடையவற்றோடு கலந்துவிடும். டீஆக்டிவேட் செய்து, பாத்திலும் அது இல்லை என்று உறுதி செய்து, பழைய பில்டின் மிச்சங்களை அழிக்கும் "மேக் டிஸ்ட்கிளீன்" போட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.

## அறிகுறி: மேக் பாதியில் "கில்டு" என்று நிற்கிறது

"கில்டு சிக்னல் டெர்மினேட்டட் ப்ரோக்ராம் சிசி1" என்று வந்தால் கம்பைலரான ஜிசிசி மேல் தப்பில்லை, மெமரி போதாமல் கெர்னல் அதைக் கொன்றுவிட்டது. "டிமெஸ்ஜ்" கட்டளையில் "அவுட் ஆஃப் மெமரி" வரி இருக்கும். கிளவுடில் 1 ஜிபி மெமரி உள்ள சின்ன மெஷின்களில் இது அன்றாட நிகழ்ச்சி.

காசு செலவில்லாத வழி முதலில்: "மைனஸ் ஜே"யை எடுத்துவிட்டு ஒரே வேலையாக ஓட்டுங்கள். எண் கொடுக்காமல் வெறும் "மைனஸ் ஜே" போட்டால் மேக் வரம்பே இல்லாமல் வேலைகளைத் திறக்கும், அதை ஒருபோதும் செய்யாதீர்கள். அப்போதும் போதவில்லையென்றால் "வித்-எல்டிஓ"வை விடுங்கள், மெமரியை அதிகம் தின்பது அது. அதன் பிறகு 2 ஜிபிக்கு ஒரு ஸ்வாப் கோப்பு (மெமரி போதாதபோது டிஸ்கில் பயன்படும் இடம்) உருவாக்கி அனுமதியை 600 ஆக்கி, எம்கேஸ்வாப், ஸ்வாப்ஆன். மெதுவாகும், ஆனால் முடியும். கன்டெய்னருக்குள் என்றால் ஸ்வாப் கைகொடுக்காது, கன்டெய்னரின் மெமரி வரம்பையே உயர்த்த வேண்டும். கடைசி வழி, பில்டு முடியும்வரை மட்டும் பெரிய மெஷினுக்கு மாறுவது.

ரிமோட் மெஷினில் பில்டு செய்யும்போது எஸ்எஸ்ஹெச் அறுந்தால் பில்டும் சாகும். இணைப்பு அறுந்தாலும் வேலையைத் தொடரவிடும் டிமக்ஸுக்குள் ஓட்டுங்கள். மழைக்காலச் சாயங்காலம் கரண்ட் போய் வைஃபை போய் எல்லாம் போகும் ஊர் இது. குறிப்பாக "எனேபிள்-ஆப்டிமைசேஷன்ஸ்" கொடுத்திருந்தால் அது நடுவில் சோதனைத் தொகுப்பை ஓட்டி, அளந்து, மறுபடி முழுதாகக் கம்பைல் செய்யும். திரையில் சோதனைகள் ஓடுவதைப் பார்த்து மாட்டிக்கொண்டது என்று நினைத்துக் கன்ட்ரோல்-சி அடிப்பவர்கள் உண்டு. பொறுங்கள். வேலை செய்கிறதா என்று பார்க்க மட்டும்தான் என்றால் அந்த விருப்பமே வேண்டாம், சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

சென்ட்ஓஎஸ் 7-இன் ஜிசிசி 4.8.5-உடன் இந்த ஆப்டிமைசேஷனைச் சேர்த்தால் "குட் நாட் இம்போர்ட் ரன்பை மாட்யூல்" என்று விழும். ஆப்டிமைசேஷனை விடுங்கள், அல்லது டெவ்டூல்செட் வழியாகப் புதிய ஜிசிசி போடுங்கள்.

## அறிகுறி: ஒவ்வொரு முறையும் வேறு வேறு கோப்பில் செக்மென்டேஷன் ஃபால்ட்

ஒரே கோப்பில் ஒரே வரியில் விழுந்தால் மென்பொருள். இடம் மாறி மாறி விழுந்தால் ஹார்டுவேரைச் சந்தேகியுங்கள். ஜிசிசியே சில சமயம் "இந்தப் பிழையை மறுபடி வரவழைக்க முடியவில்லை, ஹார்டுவேர் அல்லது இயங்குதளப் பிரச்சினையாக இருக்கலாம்" என்று சொல்லிவிடும், அதை நம்புங்கள்.

சூடு முதலில். ஏப்ரல் மாதத்தில் மெத்தைமேல் லேப்டாப்பை வைத்து எல்லாக் கோரையும் ஓட்டினால் என்ன ஆகும்? மேஜைமேல் வைத்து, இரண்டே வேலைகளோடு ஓட்டிப் பாருங்கள். சரியாகிவிட்டால் ஃபேனைச் சுத்தம் செய்யும் காலம் வந்துவிட்டது. டெஸ்க்டாப்பில் ஓவர்கிளாக் செய்திருந்தால் இயல்பு நிலைக்குத் திருப்புங்கள். அப்புறம் மெம்டெஸ்ட்86+ ஐ பென்டிரைவிலிருந்து பூட் செய்து இரவு முழுக்க விடுங்கள். ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் ரேம் போய்விட்டது, "ஒன்றுதானே" என்று விடக் கூடாது. இரண்டு குச்சி இருந்தால் ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதித்து எது குற்றவாளி என்று பிடிக்கலாம்.

இதற்கு மேல் பெங்களூரின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்பி ரோடுதான். கன்னடமோ தமிழோ இந்தியோ, எதில் பேசினாலும் வேலை நடக்கும். ஆனால் உங்கள் மெஷினில் போட்டுச் சோதித்த பிறகே பணம் கொடுங்கள், பழைய ரேமை எடுத்துக்கொண்டு போனால் வேகமும் வகையும் பொருத்திக் கொடுப்பார்கள். ரேம் போர்டிலேயே ஒட்டிய லேப்டாப் என்றால் வீட்டில் செய்ய ஒன்றுமில்லை, சர்வீஸ் சென்டர். ஆபீஸ் மெஷினைத் திறக்கவே கூடாது.

## அறிகுறி: மேக் முடிந்தது, ஆனால் மாட்யூல்களைக் காணோம்

அதிகம் பேர் விழும் குழி இது. லைப்ரரிகள் இல்லாவிட்டாலும் பைத்தான் பில்டு தோற்பதில்லை. கிடைக்காதவற்றை விட்டுவிட்டு "நெசசரி பிட்ஸ்... வேர் நாட் ஃபவுண்ட்" என்று மேக்கின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் போடும், பிறகு வெற்றிகரமாக முடியும். அந்தப் பட்டியலை யாரும் படிப்பதில்லை. மூன்று நாள் கழித்து யாருடைய ஸ்கிரிப்டோ உடையும்போதுதான் தெரியும்.

எந்தப் பிழைக்கு எது இல்லை என்பது, உபுண்டு, டெபியன் பெயர்களில்:

"ஸிலிப் நாட் அவெய்லபிள்", பெரும்பாலும் இன்ஸ்டால் கட்டத்திலேயே, பைத்தான் பேக்கேஜ்களை நிறுவும் பிப் ஏறும்போது வரும்: ஸிலிப்1ஜி-டெவ்.

"நோ மாட்யூல் நேம்டு _சிடைப்ஸ்": லிப்எஃப்எஃப்ஐ-டெவ். 3.7 முதல் லினக்ஸில் பைத்தான் இதன் நகலைத் தன்னோடு சேர்த்துத் தருவதில்லை, அதனால்தான் பழைய வழிகாட்டிகளில் இந்தப் பெயர் இருக்காது.

"_எஸ்க்யூலைட்3": லிப்எஸ்க்யூலைட்3-டெவ். ஜாங்கோ ஆட்கள் முதலில் மோதுவது இதில்தான்.

"_எல்இசட்எம்ஏ": லிப்எல்இசட்எம்ஏ-டெவ். பாண்டாஸ் இம்போர்ட் செய்யும்போது தலைகாட்டும்.

"_பிஇசட்2": லிப்பிஇசட்2-டெவ். "_டிகேஇன்டர்": டிகே-டெவ்.

இன்டர்ப்ரெட்டரில் மேல் அம்புக்குறியை அழுத்தினால் முந்தைய வரி வராமல் தொப்பி, சதுர அடைப்பு, ஏ என்று குப்பை விழுகிறதா? லிப்ரீட்லைன்-டெவ். பலர் இதை டெர்மினல் கோளாறு என்று நினைத்து டெர்மினலை மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

ரெட்ஹேட் வகையில் "டெவ்" இருக்குமிடத்தில் "டெவெல்" வரும், முன்னால் "லிப்" பெரும்பாலும் இருக்காது: ஓப்பன்எஸ்எஸ்எல்-டெவெல், பிசிப்2-டெவெல் இப்படி. ஒவ்வொன்றாகத் தேட அலுப்பாக இருந்தால் உபுண்டுவில் சோர்ஸ் ரெப்போவை இயக்கிவிட்டு "ஆப்ட் பில்டு-டெப் பைத்தான்3" அடித்தால் கூண்டோடு வந்துவிடும். 24.04-இல் அதற்கு "உபுண்டு.சோர்சஸ்" கோப்பில் டைப்ஸ் வரியில் "டெப்-எஸ்ஆர்சி" சேர்க்க வேண்டும்.

"லைப்ரரி ஏற்கெனவே இருக்கிறதே" என்று வாதாடுபவர்களுக்கு: ஓடுவதற்கான பேக்கேஜ் வேறு, ஹெடர் உள்ள டெவ் பேக்கேஜ் வேறு. முதலாவது இருப்பதால் மற்ற நிரல்கள் ஓடுகின்றன. கம்பைல் செய்ய இரண்டாவது வேண்டும்.

டெவ் பேக்கேஜ் போட்ட பிறகும் மாட்யூல் வரவில்லையா? கான்ஃபிகரை மறுபடி ஓட்டினீர்களா? 3.12-இல் சோர்ஸுக்குள் இருந்த பழைய "செட்அப்.பை" நீக்கப்பட்டுவிட்டது, எது இருக்கிறது என்று கண்டுபிடிப்பது முழுக்க கான்ஃபிகரின் வேலை. அதனால் வெறும் மேக் மட்டும் ஓட்டினால் பழைய முடிவையே வைத்துக்கொண்டிருக்கும். டிஸ்ட்கிளீன், கான்ஃபிகர், மேக், இன்ஸ்டால், அந்த வரிசையில்.

முடிந்ததும் ஒரே வரியில் சிடைப்ஸ், எஸ்எஸ்எல், எஸ்க்யூலைட்3, எல்இசட்எம்ஏ, பிஇசட்2, ரீட்லைன் அத்தனையையும் இம்போர்ட் செய்து பாருங்கள். பதில் எதுவும் வராமல் ப்ராம்ப்ட் திரும்பினால் சரி.

## அறிகுறி: பிப் "எஸ்எஸ்எல் மாட்யூல் இஸ் நாட் அவெய்லபிள்" என்கிறது

மேலே சொன்னதன் கொடிய வடிவம். எளிய காரணம் லிப்எஸ்எஸ்எல்-டெவ் இல்லாதது, பாதிப் பேருக்கு அதோடு தீர்ந்துவிடும்.

இருந்தும் வரவில்லையென்றால் பதிப்புப் பொருத்தம். பைத்தான் 3.10 முதல் ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1 அல்லது அதற்கு மேல் வேண்டும். சென்ட்ஓஎஸ் 7-இல் இருப்பது 1.0.2. அங்கே எத்தனை முறை டெவெல் பேக்கேஜை நிறுவினாலும் பலன் இல்லை. எபெல் ரெப்போவில் "ஓப்பன்எஸ்எஸ்எல்11-டெவெல்" உண்டு, ஆனால் அதன் ஹெடர்கள் தனி ஃபோல்டரில் தனிப் பெயரில் இருப்பதால் கான்ஃபிகர் தானாகக் கண்டுபிடிக்காது.

ஆகவே பலரும் ஓப்பன்எஸ்எஸ்எல் 3-ஐயும் சோர்ஸிலிருந்து பில்டு செய்யப் போவார்கள். செய்யலாம், மூன்று பள்ளம் இருக்கிறது. ஒன்று, அதன் கான்ஃபிகர் பெர்லில் எழுதப்பட்டது, "ஐபிசி சிஎம்டி" இல்லை என்று நின்றால் பெர்ல்-ஐபிசி-சிஎம்டி பேக்கேஜ் போடுங்கள். இரண்டு, 64 பிட் மெஷினில் அது லைப்ரரிகளை "லிப்64"இல் வைக்கும், பைத்தானோ "லிப்"இல் தேடும். ஓப்பன்எஸ்எஸ்எல் பில்டு செய்யும்போதே "லிப்டிர்" விருப்பத்தில் "லிப்" என்று கொடுத்துவிடுங்கள். இதைத் தெரியாமல் ஒரு முழு நாளைத் தொலைத்தவர்கள் நிறைய. மூன்று, பைத்தானின் கான்ஃபிகருக்கு "வித்-ஓப்பன்எஸ்எஸ்எல்" என்று அந்த ஃபோல்டரைக் காட்டுவதோடு "வித்-ஓப்பன்எஸ்எஸ்எல்-ஆர்பாத்"துக்கு "ஆட்டோ" என்றும் கொடுங்கள், இது 3.10 முதல் உண்டு. ஆர்பாத் என்பது லைப்ரரி இருக்கும் பாதையை நிரலுக்குள்ளேயே எழுதிவைப்பது. இல்லையென்றால் கம்பைல் ஆகும், ஓடும்போது லைப்ரரியைத் தேடித் தவிக்கும்.

அந்தத் தவிப்பைத் தீர்க்க "எல்டி லைப்ரரி பாத்" மாறியை பாஷ்ஆர்சியில் நிரந்தரமாகப் போடுவது இணையம் முழுக்கப் பரவியிருக்கும் வைத்தியம். வேண்டாம். சிஸ்டத்தின் கர்லும் எஸ்எஸ்ஹெச்சும் உங்கள் ஓப்பன்எஸ்எஸ்எல்லைப் பிடித்துக்கொண்டு உளறத் தொடங்கும். அதைவிட மோசம், சிஸ்டத்தின் ஓப்பன்எஸ்எஸ்எல்லையே உங்களுடையதால் மாற்றுவது. அது ப்ரொடக்‌ஷன் சர்வர் என்றால் அந்த எண்ணம் வந்த நிமிடமே கையை எடுத்துவிட்டு சிஸ்அட்மினைக் கூப்பிடுங்கள்.

### எஸ்எஸ்எல் வந்துவிட்டது, ஆனால் "சர்டிஃபிகேட் வெரிஃபை ஃபெயில்டு"

சொந்தமாக பில்டு செய்த ஓப்பன்எஸ்எஸ்எல், சான்றிதழ்களைத் தன் ஃபோல்டரில் தேடும், அது காலியாக இருக்கும். எஸ்எஸ்எல் மாட்யூலில் "கெட் டிஃபால்ட் வெரிஃபை பாத்ஸ்" கேட்டால் எங்கே தேடுகிறது என்று காட்டும். "எஸ்எஸ்எல் செர்ட் ஃபைல்" மாறியை சிஸ்டத்தின் சான்றிதழ்க் கட்டுக்குக் காட்டுங்கள். பிப் தன் சொந்தக் கட்டைக் கூடவே கொண்டுவருவதால் பிப் ஓடும், உங்கள் ஸ்கிரிப்ட் ஓடாது என்ற விசித்திரமும் நடக்கும்.

வீட்டில் ஓடுகிறது, ஆபீஸில் மட்டும் இல்லை என்றால் ஆபீஸ் ஃபயர்வால் இடையில் நின்று தன் சான்றிதழை நீட்டுகிறது. ஐடி டீமிடம் அந்த ரூட் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். சரிபார்ப்பையே அணைக்கச் சொல்லும் பதில்களைத் தாண்டிப் போய்விடுங்கள்.

## அறிகுறி: "லிப்பைத்தான்... கேனாட் ஓபன் ஷேர்டு ஆப்ஜெக்ட் ஃபைல்"

"எனேபிள்-ஷேர்டு" கொடுத்திருக்கிறீர்கள். உண்மையில் தேவையா? அப்பாச்சி மாட்யூல், பைஇன்ஸ்டாலர், பைத்தானை உள்ளே பொதித்த வேறு நிரல், இவை இல்லையென்றால் அதை எடுத்துவிட்டு மறுபடி பில்டு செய்வதே சுலபம். தேவைதான் என்றால், "யூஎஸ்ஆர் லோக்கல்" போன்ற இடத்தில் நிறுவியிருந்தால் "சுடோ எல்டிகான்ஃபிக்" ஒருமுறை ஓட்டினால் பெரும்பாலும் போதும். தனி ப்ரிஃபிக்ஸ் என்றால் எல்டிஃப்ளாக்ஸில் ஆர்பாத் கொடுத்து பில்டு செய்யுங்கள். எது எங்கே தொங்குகிறது என்று "எல்டிடி" காட்டும்.

## அறிகுறி: நிறுவியும் பழைய பதிப்பே வருகிறது

"விச்" வேண்டாம், பாஷில் "டைப் மைனஸ் ஏ" அடியுங்கள், எல்லாப் பாதைகளையும் காட்டும். பாஷ் பழைய இடத்தை நினைவில் வைத்திருந்தால் "ஹாஷ் மைனஸ் ஆர்". பிப் "எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட்" என்று திட்டினால் நீங்கள் பேசிக்கொண்டிருப்பது சிஸ்டத்தின் பைத்தானிடம், உங்களுடையது அப்படித் திட்டாது. சுடோ போட்டால் மட்டும் காணாமல் போகிறதா? ரெட்ஹேட் வகைப் பழைய சர்வர்களில் சுடோவின் "செக்யூர் பாத்"தில் "யூஎஸ்ஆர் லோக்கல் பின்" இருக்காது, முழுப் பாதையை அடியுங்கள்.

## அறிகுறி: நிறுவிய பிறகு ஆப்ட் அல்லது யம் உடைந்துவிட்டது

உபுண்டுவில் "நோ மாட்யூல் நேம்டு ஆப்ட்_பிகேஜி", சில பதிப்புகளில் க்னோம் டெர்மினலே திறக்காது. சென்ட்ஓஎஸ் 7-இல் யம் அடித்தால் சின்டாக்ஸ் எரர். மூன்றுக்கும் காரணம் ஒன்றே: "யூஎஸ்ஆர் பின்"னுக்குள் இருக்கும் பைத்தான் இணைப்பை யாரோ புதியதற்குத் திருப்பியிருக்கிறார்கள், அல்லது ப்ரிஃபிக்ஸாக "யூஎஸ்ஆர்" கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கருவிகள் சிஸ்டத்தின் பைத்தானை நம்பி எழுதப்பட்டவை.

இணைப்பை மட்டும் மாற்றியிருந்தால் திருப்பிப் போட்டால் போதும். டெர்மினல் திறக்காவிட்டால் கன்ட்ரோல்-ஆல்ட்-எஃப்3 அடித்துக் கறுப்புத் திரையில் நுழையுங்கள். உபுண்டு 22.04-இன் சொந்தப் பதிப்பு 3.10, 24.04-இல் 3.12, 20.04-இல் 3.8, சென்ட்ஓஎஸ் 7-இன் யம்முக்கு 2.7. இணைப்பை அந்தப் பதிப்புக்குத் திருப்புங்கள். ப்ரிஃபிக்ஸ் "யூஎஸ்ஆர்" என்றால் கோப்புகளே மேலெழுதப்பட்டிருக்கும், சிஸ்டம் பைத்தான் பேக்கேஜ்களை மறுநிறுவல் செய்து பாருங்கள், ஆப்ட் அதற்கும் மறுத்தால் சொந்த லேப்டாப்பில் டேட்டாவை நகலெடுத்துவிட்டு இயங்குதளத்தை மறுபடி போடுவதே விரைவு. ஆபீஸ் சர்வர் என்றால் மறைக்க முயலாமல் உடனே சொல்லிவிடுங்கள், ஸ்னாப்ஷாட் இருந்தால் அவர்கள் சில நிமிடங்களில் திருப்பிவிடுவார்கள்.

இனிமேல் "இன்ஸ்டால்" என்பதற்குப் பதில் "ஆல்ட்இன்ஸ்டால்" அடியுங்கள். "பைத்தான்3.12" என்ற பெயரை மட்டும் வைக்கும், "பைத்தான்3"-ஐத் தொடாது.

## அறிகுறி: என் மெஷினில் ஓடுகிறது, சர்வரில் ஓடவில்லை

"ஜிலிப்சி 2.34 நாட் ஃபவுண்ட்" என்றால் புதிய மெஷினில் பில்டு செய்து பழையதற்கு நகலெடுத்திருக்கிறீர்கள். ஜிலிப்சி என்பது நிரல்கள் எல்லாம் நம்பியிருக்கும் சிஸ்டத்தின் அடிப்படை சி லைப்ரரி. உபுண்டு 22.04-இல் அது 2.35, 20.04-இல் 2.31, சென்ட்ஓஎஸ் 7-இல் 2.17. இருப்பதில் மிகப் பழைய மெஷினில், அல்லது அதே பதிப்புக் கன்டெய்னரில் பில்டு செய்யுங்கள். ஜிலிப்சியைக் கையால் மாற்றாதீர்கள், பாதியில் தவறினால் "எல்எஸ்" கூட ஓடாது. "இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்" என்றால் சிஃப்ளாக்ஸில் "மார்ச் நேட்டிவ்" இருந்ததா பாருங்கள், அதை எடுத்துவிட்டு மறுபடி பில்டு.

## ரூபி, கோ என்றால்

ரூபி 3.2 முதல் லிப்யாமல் உள்ளே வருவதில்லை, "சைக்" பில்டு ஆகவில்லை என்று வந்தால் லிப்யாமல்-டெவ். பழைய ரூபிகளுக்கு எஸ்எஸ்எல் சிக்கல் தலைகீழ்: 3.0-உம் அதற்கு முந்தையவையும் உபுண்டு 22.04-இன் ஓப்பன்எஸ்எஸ்எல் 3-உடன் ஒத்துப்போகாது, 1.1-ஐத் தனியாக வைத்து அதைக் காட்ட வேண்டும்.

கோ 1.5 முதல் கோவிலேயே எழுதப்பட்டது, ஆகவே கோவை பில்டு செய்ய ஏற்கெனவே ஒரு கோ வேண்டும். 1.20-க்குக் குறைந்தது 1.17.13. "கோரூட் பூட்ஸ்ட்ராப்" பற்றிப் பிழை வந்தால் அந்த மாறி போதுமான அளவு புதிய கோவைக் காட்டுகிறதா என்று பாருங்கள். டிஸ்ட்ரோவில் இருப்பது பழையது என்றால் அதிகாரப்பூர்வ பைனரியை ஹோமில் பிரித்து அதையே காட்டலாம். ஆனால் அந்த பைனரியே உங்களுக்குத் தேவையான பதிப்பாக இருந்தால் பில்டு எதற்கு, அப்படியே பயன்படுத்துங்கள்.

ஃப்ரீபிஎஸ்டியில் "மிஸ்ஸிங் டிபென்டன்சி ஆபரேட்டர்" போன்ற மேக்ஃபைல் பிழை வந்தால் அங்கே "மேக்" என்பது வேறு நிரல். "ஜிமேக்" நிறுவி அதை ஓட்டுங்கள், ஓகேம்லுக்கு அது கட்டாயம்.